அண்ணன் போட்ட துணை நடிகர் வரிசை

எங்கள் சலவை நிலையத்தில் கதாநாயகர்களைப் பற்றிப் பேசக் கூடாது. முதலாளி போட்ட சட்டம் அது. எந்தக் கதாநாயகன் பெரியவன் என்று இரண்டு பேருக்குள் தொடங்கிய வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, ஒருவன் கையிலிருந்த சொட்டு நீல டப்பா, மருத்துவமனைத் தலையணை உறைகள் நிறைந்த கூடையில் கவிழ்ந்துவிட்டது. கூடை முழுவதும் வானம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு முதலாளி மடிப்பு மேசைமேல் ஏறி நின்று, "இனிமே இங்க எவனாவது ஹீரோ பேரை எடுத்தா அவன் சீட்டு கிழிஞ்சுது" என்றார்.

"அப்ப வில்லன் பேரைச் சொல்லலாமா முதலாளி?" என்று கேட்டான் நுரை. அவன் சலவை இயந்திரத்தை ஓட்டுகிறவன். எப்போதும் ஒரு கை சோப்புத் தூளை அதிகமாகப் போடுவதால் அந்தப் பெயர்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "மத்தவங்களைப் பத்தி என்னவோ பேசிக்க. ஹீரோ மட்டும் வேணாம்."

அப்படித்தான் துணை நடிகர்கள் எங்கள் நிலையத்துக்குள் வந்தார்கள். வந்தவர்களை உட்கார வைத்து உபசரித்தவர் என் அண்ணன்.

அண்ணன் அங்கே இஸ்திரி மேசைக்காரர். அப்பா ஒரு துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். அவர் கடைசிப் படுக்கையில் விழுந்ததும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தார். விடியும் முன் போவார், நாங்கள் தூங்கிய பிறகு வருவார். அந்தச் சம்பளத்தில்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தார். பிறகு நானும் இங்கே மடிப்பு மேசைக்கு வந்துவிட்டேன். அண்ணனுக்கு வலது கை இடது கையைவிடப் பெரியது. இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் ஆகாதா? புதுச் சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரர், "இது ஒரே ஆளுக்குத்தானா?" என்று கேட்பார்.

அவர் அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் எதிரில் இருப்பதை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமன் செய்வார். மேசை இருந்தால் மேசை, துணி இருந்தால் துணி, ஒன்றும் இல்லாவிட்டால் சொந்த வயிறு. தடவி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். பெரும்பாலும் "முடியாது" என்பார். எங்கள் நிலையத்தில் அந்தக் கையைப் பார்த்தே விடுப்பு கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிந்துகொள்வார்கள், முதலாளி விடுப்பு விஷயத்தை அவர் பொறுப்பில் விட்டிருந்ததால்.

சினிமா ஒன்றுதான் அவருடைய செலவு. வாரம் ஒரு படம். போய்விட்டு வந்தால் கதை சொல்ல மாட்டார். "அந்த டிக்கெட் கிழிக்கறவனா வந்தான் பாரு, அவன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக எங்கள் மடிப்பு மேசை காத்திருக்கும். முதலாளியின் சட்டம் வந்த வருஷம், வருஷக் கடைசிச் சனிக்கிழமையில் அந்த வருஷத்துத் துணை நடிகர்களை வரிசைப்படுத்துவது என்று ஆரம்பித்தோம். முடிவு சொல்ல அண்ணன். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் ஜட்ஜ் அண்ணன்.

அவருக்குச் சில விதிகள் உண்டு. அழுதால் இடம் கிடையாது. செத்தாலும் இடம் கிடையாது. "சாகறதுக்கு என்ன நடிப்பு வேணும்? கண்ணை மூடினா ஆச்சு. சும்மா நிக்கறதுதான் கஷ்டம்" என்பார். இன்னொன்று, பேசுகிறவனைப் பார்க்கக் கூடாது. "பேசும்போது எவனும் நடிச்சிடுவான். அடுத்தவன் பேசும்போது இவன் மூஞ்சி என்ன பண்ணுதுன்னு பாரு."

ஓட்டுப் போடுவது துணி கிளிப்பில். கொதிகலன் சுவருக்குப் பக்கத்தில் உபயோகமில்லாத கொடிகள் சில இருந்தன. ஒவ்வொரு கொடியும் ஒரு நடிகருக்கு. எங்களில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. அதனால் வாடிக்கையாளர் துணிக்குக் குறி போடுகிற மையாலேயே ஒரு துண்டுத் துணியில் குறி போட்டுக் கொடியின் முனையில் கட்டிவிடுவோம். டாக்டராக வந்தவருக்கு ஒரு பிறை, டிரைவராக வந்தவருக்கு ஒரு வட்டம், இப்படி. படம் பார்த்தவர்கள் தங்களுக்குப் பிடித்தவர் கொடியில் ஒரு கிளிப்பை மாட்டலாம். மனசு மாறினால் கழற்றி வேறு கொடியில் மாட்டலாம். அண்ணன் கொடிகளைப் பார்ப்பார், தன் விதிகளையும் பார்ப்பார், பிறகு வரிசையைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

நான் சொல்ல வந்த வருஷத்தில் ஒரு கொடியின் முனையில் மூன்று கோடுகள் போட்ட துண்டுத் துணி தொங்கியது. அது எங்கள் தம்பி.

தம்பியும் இங்கே மடிப்பு மேசையில் இருந்தவன்தான். முதலாளி நடப்பது, நுரை இருமுவது எல்லாவற்றையும் செய்து காட்டுவான். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் ஒரு முழுக் காட்சியை நடித்துவிட்டு, "எப்படிண்ணே?" என்று கேட்டான். அண்ணன் மேசையைத் தடவினார். "உனக்கு நடிப்பு வராதுடா. மடிப்பு வரும், அதைப் பாரு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மறு வாரமே அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். தண்ணீர் கேன் போடும் வேன் ஓட்டினான். விடுமுறை நாட்களில் சினிமாவில் கூட்டத்தில் நிற்கப் போனான். கூட்டத்திலிருந்து ஒரு வரி வசனம், ஒரு வரியிலிருந்து ஒரு காட்சி. அவன் கல்யாணத்துக்கு அண்ணன் போய் நின்றார், ஆசீர்வாதம் செய்தார், வந்துவிட்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. என்னிடம் மட்டும் தம்பி போனில் பேசுவான்.

அந்த வருஷம் ஒரு படத்தில் கதாநாயகனின் அப்பாவாக வந்திருந்தான். தலையில் நரை பூசி, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. வீட்டைவிட்டு ஓடிய மகன் திரும்பி வருகிற கதை. படம் ஓடத் தொடங்கியதும் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, அடுத்து ஒரு பெரிய வேஷம் வந்திருக்கு. மாசக்கணக்குல வெளியூர். வேன் வேலையை விட்டாத்தான் போக முடியும். வருஷக் கடைசிச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"நல்லதுதானேடா?"

"எல்லாரும் நல்லா நடிச்சேன்னுதான் சொல்றாங்க. டைரக்டர் சொல்றார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். என் மாமியாரே சொல்றாங்க. மாமியாரே சொன்னா அது பொய்யாத்தானே இருக்கும்? முகத்துக்காகப் பேசாத ஆள் எனக்குத் தெரிஞ்சு அண்ணன் ஒருத்தர்தான். வரிசையில எனக்கு என்ன இடம்னு கேட்டுச் சொல்லு. இடம் இருந்தா வேனை விட்டுடறேன். இல்லேன்னா ஆசையை விட்டுடறேன்."

அன்று மாலையே அண்ணனிடம் சொன்னேன். அண்ணி தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரையே பார்த்தார்.

"அவன் பொழப்பை எதுக்கு என் தலையில கட்டறான்?"

"உங்களை நம்பறான்ல" என்றார் அண்ணி.

"நம்பறவன் நேர்ல கேக்க மாட்டானா?"

"நீங்க நேர்ல சொன்னதைக் கேட்டுத்தானே ஓடிப்போனான்?"

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் அந்த விஷயத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வரிசை சொல்வதை விளையாட்டாக நினைப்பவர் அல்ல.

விடுமுறை நாளில் நிலையத்து ஆட்கள் எல்லோருமாக, அண்ணியையும் கூட்டிக்கொண்டு, படத்துக்குப் போனோம். ஒரு முழு வரிசை நாங்கள்தான். படத்தில் மகன் திரும்பி வந்து டிக்கெட் ஜன்னல் முன்னால் நிற்கிறான். அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். பேசவில்லை. கல்லாப் பலகையை உள்ளங்கையால் ஒரு தரம் தடவுகிறார். இன்னொரு தரம். ஓரம் வரை கொண்டுபோய் அங்கே கையை நிறுத்துகிறார்.

"அட, நம்ம ஜட்ஜ் அண்ணன்!" என்று கத்தினான் நுரை.

எங்கள் வரிசை முழுவதும் சிரித்தது. மடிப்பு மேசையில் மூத்தவரான பெரியக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அவர் முகம் ஒன்றும் செய்யவில்லை. வலது கை மட்டும் எழுந்து, பாதி வழியில் நின்று, மறுபடி மடிக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் அண்ணி, "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார்.

"எதை?"

"உங்களை."

அங்கே ஆரம்பித்தது அவருடைய குழப்பம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"அவன் நல்லா நடிச்சிருக்கான்னா நான் ஒரு கோமாளி. எல்லாரும் அந்தச் சிரிப்பு சிரிச்சாங்க. நான் கோமாளி இல்லேன்னா அவன் நடிச்சது சரியில்ல. அப்ப இடம் கிடையாது. ரெண்டுல எது?"

"கண்ணாடி நல்லாயிருக்குன்னு சொன்னா மூஞ்சி நல்லாயில்லேன்னு அர்த்தமா?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் அதையும் நீண்ட நேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க இன்னும் சிக்கலாகத்தான் ஆயிற்று என்று நினைக்கிறேன்.

இரண்டாம் முறை தனியாகப் போனார். வந்து, "நாலாவது இடம்" என்றார். ஏன் நாலாவது என்று அண்ணி கேட்டதற்கு, "மூணு பேர் அவனைவிட நல்லா பண்ணியிருக்காங்க" என்றார். யார் அந்த மூன்று பேர் என்று கேட்டதற்கு இரண்டு பேரைத்தான் சொல்ல முடிந்தது. மூன்றாம் முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை பலகையைத் தடவும்போது முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"அந்தம்மா அழறாங்க, அந்தாளு சிரிக்கறான். ரெண்டு பேரும் ஒரே படத்தைத்தானே பாக்கறாங்க?" என்றார் அண்ணன். பின்வரிசையிலிருந்து யாரோ "ஷ்" என்றார்கள்.

திரும்பி நடந்து வரும்போது என்னிடம் கேட்டார், "நான் அப்படித்தான் இருக்கேனா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வராது. எப்போதுமே அப்படித்தான். இருக்கிறீர்கள் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. நான் பதிலைத் தேடுவதற்குள் வீடு வந்துவிட்டது.

அதன்பிறகு நிலையத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. துணியைத் தடவக் கையை எடுப்பார், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தோன்றும், கையை இழுத்துக்கொள்வார். தடவாமல் சட்டையை விரிக்க முடியுமா? இஸ்திரியில் பாதி வேலை தடவல்தான். விரல் நுனியால் தள்ளிப் பார்த்தார். புறங்கையால் பார்த்தார். ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டார், பெட்டி துணிமேல் இருப்பதை மறந்து. ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டு முதுகில் இஸ்திரிப் பெட்டியின் வடிவம் பழுப்பாக விழுந்துவிட்டது. அதற்கு முன் அவர் கையில் துணி கருகி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, நீங்க உங்களை மாதிரியே இல்லண்ணே" என்றான் நுரை. "உங்க தம்பி பண்ணினது இன்னும் உங்களை மாதிரி இருந்துச்சு."

அண்ணனின் கை எழுந்தது. நின்றது. "போடா" என்று மட்டும் சொன்னார்.

விடுப்புக் கேட்க வந்தவர்களும் குழம்பினார்கள். கை தடவினால் கிடையாது, தடவாவிட்டால் உண்டு என்பதுதான் வழக்கம். இப்போது கை நகரவே நகராது. கிடைத்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்புவார்கள். "முடியாது" என்ற குரல் முதுகில் வந்து விழும்.

இதற்கிடையில் மூன்று கோடு போட்ட கொடியில் கிளிப்புகள் ஏறிக்கொண்டே போயின. அண்ணன் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"நீ எதுக்கு மாட்டின?" என்று பெரியக்காவைக் கேட்டார்.

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க. நாமளே மாட்டலேன்னா வேற யார் மாட்டுவா?"

"அது ஓட்டு இல்ல, மொய். நீ?"

"எனக்குச் சிரிப்பா வந்துச்சுண்ணே" என்றான் நுரை.

"சிரிப்புப் படமா அது?"

"இல்லண்ணே. அதான் எனக்கும் தெரியல. சிரிச்சேன், அப்புறம் வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். எதுக்குப் பண்ணினேன்னு அப்பா கேட்டாரு. சும்மான்னு சொல்லி வெச்சுட்டேன்."

அண்ணன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேறு யாரையும் விசாரிக்கவில்லை.

வருஷக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. காலையில் நாங்கள் உள்ளே நுழைந்தபோது கொதிகலன் சுவர்ப் பக்கம் கொடிகள் மொட்டையாக இருந்தன. ஒரு கிளிப்கூட இல்லை. பின்முற்றத்தில் மருத்துவமனை உறைகளும் விரிப்புகளும் வரிசை வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் முதலாளி, சட்டைக் கையை மடித்துவிட்டு, வியர்த்துப் போய் நின்றார்.

"டிரையர் படுத்துடுச்சு. உங்களையெல்லாம் எதிர்பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? நானே கொண்டாந்து காயப் போட்டுட்டேன். கிளிப்பு பத்தலேன்னு பாத்தா, சுவர்ப் பக்கம் சும்மா நிறைய மாட்டியிருந்துச்சு!"

ஒரு வருஷத்து ஓட்டு முழுவதும் ஈரத் தலையணை உறைகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. நுரை ஒரு உறையிலிருந்த கிளிப்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அது எந்த நடிகருடையது என்று அதன் முகத்தில் எழுதியிருப்பது போல.

"முதலாளி, நீங்க எங்க டாக்டரையும் டிரைவரையும் சேத்துக் காயப் போட்டுட்டீங்க" என்றான்.

"யாரு டாக்டரு? ஹீரோவா?"

"இல்ல முதலாளி, ஹீரோ இல்ல."

"ஹீரோ இல்லேன்னா சரி" என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார்.

இடைவேளையில் எல்லோரும் அண்ணன் மேசையைச் சுற்றி நின்றோம். கொடி இல்லை, கிளிப் இல்லை. இனிமேல் அவர் வாய்தான்.

"வில்லனோட டிரைவரா வந்தானே, அவனுக்கு முதல் இடம்" என்று ஆரம்பித்தார். குரல் பழைய மாதிரி திடமாக இருந்தது. "அவனுக்கு ஒரு வார்த்தை வசனம் இல்ல. கண்ணாடியில கண்ணு மட்டும்தான் தெரியுது. பின்சீட்ல கொலைக்குப் பேரம் பேசறாங்க. இவன் கியர் மாத்தறான். அந்தக் கியர் மாத்தற நேரத்தை வெச்சே அவனுக்கு அது புடிக்கலேன்னு நமக்குத் தெரியுது. படம் முடிஞ்சப்புறம் வில்லன் மூஞ்சி மறந்துபோச்சு, அந்தக் கண்ணு மறக்கல."

"போலீஸ் அதிகாரிண்ணே? எப்படிக் கத்தினாரு!" என்றான் நுரை.

"எனக்கு இன்னும் காது வலிக்குது. இடம் கிடையாது."

"நண்பனா வந்து செத்துப்போனாரே?" என்றார் பெரியக்கா. "நான் எவ்வளவு அழுதேன்!"

"நீ அழுத. அவன் நடிச்சானா? படுத்திருந்தான். ரெண்டாம் இடம் அந்த லாட்ஜ் மேனேஜருக்கு. காணாமப்போன பொண்ணைத் தேடி ஒரு அம்மா வந்து நிக்கறாங்க. அந்தப் பொண்ணு அங்க வரவே இல்லேன்னு பொய் சொல்லிட்டு, பேனா மூடியைத் தேடறான். மூடி பேனாவோட பின்னாடியே மாட்டியிருக்கு. அவனுக்குத் தெரியல, நமக்குத் தெரியுது. மூணாவது அந்த ராத்திரி டூட்டி டாக்டர். எழுப்பினதும் முதல்ல கண்ணாடியைப் போட்டுக்கறார், அப்புறம்தான் முழிக்கறார்."

அங்கே நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தோம். நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"தம்பிண்ணே?" என்று நுரைதான் கேட்டான்.

"தம்பிக்கு வரிசையில இடம் இல்ல."

பெரியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வரிசைக்கு வெளிய" என்றார் அண்ணன்.

"வெளியன்னா? மேலயா, கீழயா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "பக்கத்துல."

"பக்கத்துலன்னா எத்தனாவது இடத்துக்குப் பக்கத்துலண்ணே?"

"அதான்டா தெரியல! நானும் மூணு தடவை பாத்தேன். டிரைவரை டிரைவராப் பாக்க முடியுது, டாக்டரை டாக்டராப் பாக்க முடியுது. இவனைப் பாக்க உக்காந்தா என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தனுக்கு அவன் மூஞ்சிக்கே மார்க் போடத் தெரியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. நுரைகூடச் சிரிக்கவில்லை.

இதை நான் தம்பியிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் என்று சொன்னால் அவன் வேனை விடுவானா, வைத்திருப்பானா? நான் போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அண்ணன் மேசைமேல், ஒரு சட்டையின் கழுத்துப் பக்கத்தில் வைத்தேன். "நீங்களே சொல்லிடுங்கண்ணே" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

"அக்கா?" என்றது போன்.

"நான்தான்டா" என்றார் அண்ணன்.

அந்தப் பக்கம் வேன் இன்ஜின் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வண்டியை ஓரம் கட்டியிருப்பான்.

"சொல்லுங்கண்ணே."

"நீ என்னைக் கிண்டல் பண்ணினியா, நடிச்சியா?"

"உங்களையா? உங்களை எங்கண்ணே நான் நடிச்சேன்?"

"அந்தப் பலகையைத் தடவறது?"

"அது அப்பாண்ணே."

அண்ணன் எங்களை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "அப்பா எப்படா தடவினார்?"

"படுக்கையில கெடந்தப்போ. போர்வையைத் தடவிக்கிட்டே இருப்பார். கடையில துணி விரிக்கற மாதிரி. ஓரம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவார். நீங்க பாத்ததில்லையா?"

"நான் எங்கடா வீட்ல இருந்தேன் பாக்கறதுக்கு?"

"ஆமால்ல" என்றான் தம்பி.

"அப்ப ஜட்ஜ் அண்ணன் பண்றது?" என்று நுரை மெதுவாகக் கேட்டான். பெரியக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ வீட்லதானே இருந்த? அப்பா அப்படித் தடவினாரா?"

நான் நினைத்துப் பார்த்தேன். போர்வை நினைவு வந்தது. அதன்மேல் போய்வரும் கையும் வந்தது. ஆனால் அந்தக் கை அப்பாவுடையதா, இத்தனை வருஷமாக எதிர் மேசையில் நான் பார்த்துக்கொண்டிருக்கிற கையா என்று பிரிக்க முடியவில்லை. அதன்மேல் படத்தில் பார்த்த கை வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. "தடவின மாதிரிதான் இருக்கு" என்றேன். எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

"அப்பா கோபத்துலதான் தடவினாரா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார் அண்ணன்.

"கோபமெல்லாம் இல்லண்ணே. என்ன பேசறதுன்னு தெரியாதப்போ."

அண்ணன் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். தம்பிதான் பேசினான். "அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். திங்கக்கிழமை நான் பதில் சொல்லணும். எனக்கு நடிப்பு வருதா, வரலையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"டேய், நானும் மூணு தடவை பாத்துட்டேன். முதல்ல என்னைத் தேடினேன். இப்ப நீ அப்பாங்கற, இனிமே போய் அப்பாவைத் தேடணும். ஆனா ஒண்ணு. மூணு தடவையும் அந்தத் திரையில உன்னை மட்டும் எங்கயுமே காணோம்."

"அது நல்லதாண்ணே, கெட்டதா?"

"அதான் எனக்கே தெரியலேங்கறேன்! அடுத்த படத்துல பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்துகிற பொத்தான் எது என்று தெரியாமல், போனை அப்படியே என் கையில் கொடுத்தார்.

மாலை வரை ஒரே வாக்குவாதம். பக்கத்தில் என்பது முதலிடத்தைவிடப் பெரியது என்று நுரை சொன்னான். ஆறுதல் பரிசு மாதிரி என்று பெரியக்கா சொன்னார். அண்ணன் எதிலும் கலந்துகொள்ளவில்லை.

திங்கட்கிழமை மாலை அண்ணனும் நானும் வீட்டில் இருந்தபோது தம்பி மனைவி எனக்குப் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, உங்க தம்பி வேன் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டார். சிரிக்கறார். கேட்டா, அண்ணன் சொல்லிட்டார்னு மட்டும் சொல்றார். பெரியவர் என்னதான் சொன்னார்?"

நான் போனை அண்ணனிடம் நீட்டினேன். அவர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"விட்டுட்டானா? யாரைக் கேட்டு விட்டான்?"

"உங்களைக் கேட்டுத்தானாம்."

"நானா? நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியலையேம்மா" என்றார் அண்ணன். போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "சரி, அவன்கிட்ட குடு. அவனுக்குப் புரிஞ்சிருக்கு போல. என்னன்னு கேட்டுக்கறேன்."